ஒன்பது மாதமாகியும் மழலை வரவில்லையென்றால் முதலில் காது

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், பாகுதா நதிக்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். அங்குள்ள வரசித்தி விநாயகர் கோயிலின் தல வரலாறு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மூன்று சகோதரர்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. வறண்ட கிணற்றைத் தோண்டும்போது கடப்பாரை கல்லில் பட்டு ரத்தம் பீறிட, அது கையில் பட்டதும் மூவருக்கும் குறை நீங்கியது என்பார்கள். அதனால்தான் பேச்சு வரத் தாமதமாகும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி வேலூர், திருத்தணிப் பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் அங்கே வருகின்றன.

அந்த வேண்டுதலை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். தெய்வத்திடம் முறையிட எந்தத் தாய்க்கும் உரிமை உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கதையில் காது கேளாதவரும் பேச்சு வராதவரும் இரண்டு பேர். நிஜத்தில் பல நேரம் அவர்கள் இருவரும் ஒரே குழந்தைதான். பிள்ளை பேசவில்லை என்று தெரியும்போது அதற்கு இரண்டரை வயது ஆகியிருக்கும். கேட்கவில்லை என்பது பிறந்த வாரத்திலேயே தெரிந்திருக்கலாம். இடையில் போன அந்த இரண்டரை ஆண்டைத் திரும்பப் பெற வழியில்லை.

முதலில் எது இயல்பு என்று பார்ப்போம். இரண்டு மாதத்தில் குழந்தை முகம் பார்த்து ‘அக்கு’, ‘ங்கா’ என்று குரல் கொடுக்கும். நான்கு மாதத்தில் வாய்விட்டுச் சிரிக்கும். ஆறு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் ‘பாபாபா’, ‘தாதாதா’, ‘மாமாமா’ என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கும். இதைத்தான் மழலையின் உண்மையான தொடக்கம் என்று நிபுணர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்பது மாத வாக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஒரு வயதில் விரல் நீட்டி ‘அது’ என்று காட்டும், கை அசைத்து டாட்டா சொல்லும், அர்த்தத்தோடு ஒன்றிரண்டு சொல் வரும். இரண்டு வயதில் ‘பால் வேணும்’, ‘அம்மா வா’ என்று இரண்டு சொல் சேரும். ஒரு மாதம் முன்னே பின்னே ஆவது சகஜம். ஆனால் பத்து மாதத்துக்குள் அசை மழலை வரவில்லை, ஒரு வயதில் விரல் நீட்டவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரட்டைச் சொல் இல்லை என்றால் பொறுத்துப் பார்க்கும் காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் அதே வாரம் டாக்டரிடம் போக வேண்டும்.

பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது அந்த முதல் ‘ங்கா’. காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் அழகாக ‘ங்கா’ சொல்லும், சிரிக்கும், கத்தும். ‘சத்தம் போடுதே, அப்ப காது கேக்குது’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கிம்ப்ரோ ஓலர், ரெபெக்கா ஐலர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. காது கேட்கும் குழந்தைகள் எல்லாம் பத்து மாதத்துக்குள் அசை மழலைக்கு வந்துவிட்டன. காது கேளாத குழந்தைகளில் ஒன்றுகூட பதினோரு மாதத்துக்கு முன் வரவில்லை. தன் குரலையும் பிறர் குரலையும் கேட்டுக் கேட்டுத்தான் ‘பாபா’ உருவாகிறது. ஆகவே ஒன்பது, பத்து மாதத்தில் மழலை இல்லையென்றால் குழந்தையின் வாயைப் பார்ப்பதற்கு முன் காதைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. குழந்தைக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போடுவார்கள், கதவை அறைவார்கள், பலமாகக் கை தட்டுவார்கள். குழந்தை திரும்பும். ‘பாத்தீங்களா!’ என்பார்கள். தட்டு விழுந்தால் தரை அதிர்கிறது. கை தட்டினால் காற்று முதுகில் படுகிறது, நிழல் சுவரில் அசைகிறது, எதிரில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண் அந்தப் பக்கம் போகிறது. காது கேளாத குழந்தைகள் இந்தக் குறிப்புகளைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். மேலும் பலமான சத்தம் மட்டும் கேட்டு, பேச்சுச் சத்தம் கேட்காத குழந்தைகளும் உண்டு. இந்தச் சோதனையை நம்பி ஒரு நாள்கூட இருக்க வேண்டாம்.

சரியான சோதனை இரண்டு, இரண்டிலும் வலி இல்லை. முதலாவது ஓ.ஏ.இ. மெத்தென்ற சிறு அடைப்பானைக் காதில் வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். ‘பாஸ்’ அல்லது ‘ரெஃபர்’ என்று வரும். ரெஃபர் என்றால் காது கேட்காது என்று அர்த்தமில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். பிறந்த புதிதில் காதில் பிசுக்கு இருந்தாலும் ரெஃபர் வரும். இரண்டாவது பெரா. நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ சத்தம் கொடுத்து, நரம்பும் மூளைத்தண்டும் அதற்குப் பதில் சொல்கின்றனவா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். இதற்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். பலமனேரிலிருந்தோ சத்தியவேட்டிலிருந்தோ பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தூங்கிவிட்டு, பெரா அறைக்குள் நுழைந்ததும் விழித்துக்கொண்டு விளையாடும் குழந்தையால் ஒரு நாள் கூலி போய்விடும். அன்று காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்து, அங்கே போனதும் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். தூக்க மருந்து தேவைப்பட்டால் அவர்களே டாக்டரைக் கேட்டுக் கொடுப்பார்கள். நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றிய குழந்தை, 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை, ஐந்து நாளுக்கு மேல் ஐ.சி.யு.வில் இருந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை, ஜென்டாமைசின் போன்ற ஊசி பல நாள் போட்ட குழந்தை, வயிற்றில் இருக்கும்போது தாய்க்கு ருபெல்லா வந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலிருந்தே காது கேட்காமல் இருக்கும் குழந்தை: இவர்களுக்கு ஓ.ஏ.இ. பாஸ் ஆனாலும் போதாது. காதின் உள்பகுதி சரியாக இருந்து நரம்பு மட்டும் பழுதாகியிருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது. பெராவும் கேட்டு வாங்குங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்வது, அதிலும் தாய்மாமனுக்குக் கொடுப்பது, ஆந்திராவின் இந்தப் பக்கமும் தமிழ்நாட்டின் அந்தப் பக்கமும் ஒன்றுபோலவே நடக்கிறது. பிறவிக் காது கேளாமையில் கணிசமான பங்கு பரம்பரையாக வருவது. பெற்றோர் இருவரும் ஒரே குடும்பத்தில் வந்தால் ஒளிந்திருக்கும் பழுது இரண்டு பக்கமும் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். இதைக் குற்றமாக்கிச் சண்டை போடுவதால் பயன் இல்லை. டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால் பயன் உண்டு.

எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும். மூன்று மாதக் குழந்தைக்கும் காதுக் கருவி பொருத்தலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவும் சக ஆய்வாளர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துப் பயிற்சி தொடங்கிய குழந்தைகளின் மொழித்திறன், பிறகு கண்டுபிடித்தவர்களைவிடத் தெளிவாக மேலே இருந்தது. ஆறு மாதம் தாண்டிவிட்டதே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். இன்றைக்கு என்பது அடுத்த மாதத்தைவிட எப்போதும் நல்லது.

காலம் எதிலெல்லாம் கரைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு.’ ‘ஆம்பளைப் பிள்ளை, கொஞ்சம் லேட்டாத்தான் வரும்.’ இவை பாசத்தில் வரும் சொற்கள், ஆனால் ஒரு டெஸ்டுக்குப் பதிலாகாது. அடுத்தது வசம்பு. தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் பிள்ளைக்குப் பேச்சு வர வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது வழக்கம். தெலுங்கில் வாயாடிக் குழந்தையை ‘வசபிட்ட’ என்று கொஞ்சுவதும் அந்த நம்பிக்கையில்தான். வசம்பால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் நச்சுத் தன்மை கொண்டது. அமெரிக்காவில் 1968 முதல் உணவில் வசம்பு சேர்க்கத் தடை இருக்கிறது. சிசுவுக்குக் கொடுத்தால் வாந்தியும் மயக்கமும் வரலாம். தேனில் குழைத்துக் கொடுப்பது இன்னும் மோசம், ஒரு வயதுக்குள் தேனே கூடாது. காதில் எண்ணெய் விடுவதையும் நிறுத்த வேண்டும். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் பேசிவிடும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நாக்கு ஒட்டல் பால் குடிப்பதைப் பாதிக்கலாம், ‘ல’, ‘ர’ போன்ற சில ஒலிகளைக் குழப்பலாம். குழந்தை பேசாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

சித்தூர், திருப்பதி வீடுகளில் இன்னொன்றும் கேட்கிறது: வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, குப்பம் பக்கம் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது, இத்தனை மொழியில் குழந்தை குழம்பிவிட்டது என்று. சிலர் தமிழில் பேசுவதை நிறுத்தச் சொல்கிறார்கள். கேட்க வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தையும் ஒரு மொழிக் குழந்தை போகும் அதே காலக் கணக்கில்தான் மழலையையும் முதல் சொல்லையும் அடைகிறது. ‘அம்மா நீள்ளு குடு’ என்று இரண்டையும் கலந்து பேசுவது குறை இல்லை. சொற்களை எண்ணும்போது தமிழில் தெரிந்ததையும் தெலுங்கில் தெரிந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும். இங்கேதான் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நஷ்டம் நேர்கிறது. தெலுங்கில் மட்டும் கேள்வி கேட்டுப் பார்த்தால் வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு மார்க் குறைந்துவிடும், இல்லாத குறை இருப்பதாகத் தோன்றும். இதற்கு நேர்மாறும் நடக்கிறது. ‘தமிழ்ப் பிள்ளை, தெலுங்கு புரியல, அதான் பேசல’ என்று உண்மையான குறையைத் தள்ளிவிடுகிறார்கள். ‘எங்க வீட்டு மொழி தமிழ், அதிலேயும் பாருங்க’ என்று தயங்காமல் சொல்லுங்கள். தாய்க்கு நன்றாக வரும் மொழியில்தான் குழந்தையோடு அதிகம் பேச முடியும், அதுதான் பயிற்சிக்கும் நல்லது.

அதே நஷ்டம் தாய் சேய் நல அட்டையிலும் இருக்கிறது. கர்ப்பம் பதிவானதும் கிராம சுகாதார செவிலியரான ஏ.என்.எம். கொடுக்கும் அந்த அட்டையில் தடுப்பூசிக் கட்டங்களோடு எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று படம் போட்ட பக்கமும் இருக்கிறது. ஆந்திராவில் அந்த எழுத்து தெலுங்கு. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய் ஊசித் தேதியை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை பீரோவில் வைத்துவிடுகிறாள். அங்கன்வாடி டீச்சரிடம் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைப் படித்துச் சொல்லக் கேளுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதில் இன்னொரு சிக்கல். குழந்தை திருத்தணியிலோ வேலூரிலோ பிறந்து, ஐந்தாம் மாதம் சித்தூர் வந்து சேரும். அங்கே கவனித்த செவிலியர் இங்கே பார்க்கமாட்டார், இங்கே இருக்கும் ஆஷா பணியாளருக்கு அந்தக் குழந்தை பிறந்ததே தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக எடுத்து வந்து, வந்த வாரமே உள்ளூர் ஏ.என்.எம்.மிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் யாரோ இரங்கிச் செய்யும் உதவி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. கேள்விக் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் அதில் அடக்கம். அதன் 25-வது பிரிவு, ஆபத்தில் இருக்கும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க அரசும் உள்ளாட்சியும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய திட்டத்தில் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வளர்ச்சித் தாமதமும் காது கேளாமையும் அதன் பட்டியலில் உண்டு. டாக்டர் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சந்தேகப்படும் குழந்தைகளை மாவட்ட அளவில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சு வழக்கில் அதை ‘டி.இ.ஐ.சி.’ என்றே சொல்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். ‘டீம் எப்ப வருது?’ என்று அங்கன்வாடியில் கேட்பது உங்கள் உரிமை. வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, நேரே அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம்.

2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஆகவே சான்றிதழுக்கு எந்த மாவட்டம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நகரி சித்தூரில், சத்தியவேடு திருப்பதியில். திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது. காது கேளாமை உறுதியான ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் ‘ஸ்ரவணம்’ என்ற பயிற்சித் திட்டத்தை நடத்துகிறது. அதன் சிறப்பு, குழந்தையோடு தாயும் கூடவே இருந்து பயிற்சி பெறுவது. வாரத்தில் அரை மணி தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் குழந்தை பேசிவிடாது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் தாய் சொல்லும் சொற்களில்தான் பேச்சு வருகிறது. மலைக்கு லட்டு வாங்கப் போகும் எத்தனையோ குடும்பங்களுக்கு அடிவாரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாது என்பது எனக்குப் பெரிய வருத்தம். சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. பக்கம், அங்கே குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

காதுக் கருவி போதாத அளவுக்குக் குறை இருந்தால் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை. தனியாகச் செய்தால் பல லட்சம். ஆந்திராவில் முன்பு ஆரோக்கியஸ்ரீ என்றும் இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவா என்றும் அழைக்கப்படும் திட்டத்திலும், மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்திலும் இதற்கு உதவி உண்டு. அடிப் திட்டத்தில் பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு வயது வரம்பு ஐந்து. மும்பை அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதைக் கவனிக்கிறது. வயது வரம்பு வெறும் காகித விதி இல்லை, ஐந்து வயதுக்குப் பிறகு மூளை புதிதாகக் கேட்டுப் பழகுவது கடினமாகிவிடும். மாநிலத் திட்டங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலம் என்று பார்க்கும். ஆந்திர கார்டை வைத்துக்கொண்டு சென்னையில் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டைக் கேட்டு மாதக்கணக்கில் அலைய வேண்டாம். ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆபரேஷனுக்குப் பிறகு பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? வெளியே மாட்டும் கருவி பழுதானால் செலவு யாருடையது?

குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. மூலம் அரசுச் சலுகைகள் கிடைக்கும். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 6,000 ரூபாய். கிராம சச்சிவாலயத்தில் மனு கொடுக்கலாம். ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ என்றால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேர்த்து, கிடைக்கும். ‘சர்டிபிகேட் வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி’ என்று பலர் தயங்குகிறார்கள். குழந்தை முன்னேறக்கூடும் என்றால் காலவரம்போடுதான் சான்றிதழ் தருவார்கள். தயங்கினால் கருவியும் பயிற்சியும்தான் தள்ளிப்போகும்.

காது நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் மழலை இல்லை என்றால்? கூப்பிட்டால் திரும்பாமல், கண்ணைப் பார்க்காமல், விரல் நீட்டாமல், ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஆட்டிசத்துக்கான பரிசோதனை வேண்டும். ஒன்றரை வயதிலேயே அதைத் தொடங்கலாம். படுத்தபடி பால் கொடுத்து, சளி பிடித்து, நடுக்காதில் நீர் தேங்கினாலும் கேள்வி மங்கும். அது சரிசெய்யக்கூடியது. இன்னொரு காரணம் செல்போன். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். பாட்டுப் போட்டுச் சோறூட்டும் செல்போன் ‘பாபா’ என்றால் திருப்பி ‘பாபா’ என்று சொல்லாது. திருப்பிச் சொல்ல ஆள் இருந்தால்தான் மழலை வளரும்.

பயந்துபோன பெற்றோரைத் தேடிக் கடை விரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேச்சு, கேள்விப் பயிற்சியாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், முதல் நாளே கேளுங்கள். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை உண்டு. காது கேளாமையை மருந்தில் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. பணம் வாங்கி ஏமாற்றிய தனியார் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், ரசீது மட்டும் வாங்கி வைத்திருக்க வேண்டும். அரசு தரப்பில் பரிசோதனையோ சான்றிதழோ மறுத்தால், மறுத்ததை எழுத்தில் கேட்டு, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு அனுப்புங்கள். வக்கீல் வேண்டாம். வெள்ளைத்தாளில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எந்தத் தேதியில் எங்கே போனீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, தாய் சேய் நல அட்டையின் நகலையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும்.